பிள்ளை பெயரில் ஒரு கப்பல் டிக்கெட்

மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் சொகுசுக் கப்பலில் சுற்றிவிட்டு வந்த அன்பர் ஒருவர், கோடை விடுமுறைச் சிறப்பிதழ் ஒன்றில் தேனி மாவட்டத்துப் பெற்றோருக்கு நீளமாக உபதேசம் எழுதியிருக்கிறார். கம்பத்துக்காரர், இப்போது பெருநகரவாசி. ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர் கப்பலில் போனதில் நமக்கு வருத்தமில்லை. அவர் சம்பாத்தியம், அவர் விடுப்பு. ஆனால் போய் வந்த சூட்டோடு நம் தலையில் அவர் எழுதியிருக்கும் தீர்ப்பை அப்படியே விழுங்கிவிட முடியாது.

அவர் வாதத்தை வளைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக்குள் பிள்ளைக்கு உலகத்தைக் காட்டிவிட வேண்டும். அதற்குக் கப்பலைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஏழே நாளில் ஏழு நாடு. பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை, ஆகவே செலவும் நாம் பயப்படுகிற அளவு இல்லை. தேக்கடிப் படகில் பிள்ளையை ஏற்றுவதைவிட அந்த மாபெரும் கப்பல் பல மடங்கு பத்திரம். தேனியில் ஓர் அருவி, ஓர் அணை, ஒரு கோயில் என்பதைத் தாண்டிப் பிள்ளை பார்க்க என்ன இருக்கிறது? ஆகவே கடன் வாங்கவாவது தகுதி இருந்தும் வருடா வருடம் சுருளி அருவிக்கும் வைகை அணைக்குமே பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள், பிள்ளைகளின் அறிவைக் குறுக்குகிற சோம்பேறிப் பெற்றோர்.

இந்த வாதத்தில் கணக்கு தப்பு, பூகோளம் தப்பு, செலவு தப்பு, பாதுகாப்பு தப்பு, ஊரைப் பற்றிச் சொன்னதும் தப்பு. கடைசி வரியோ தப்பு மட்டுமல்ல, அவமரியாதை. வரிசையாகவே போகலாம்.

ஏழு நாள், ஏழு நாடு என்கிறார். மத்தியதரைக் கடலின் மேற்குப் பாதியில் வழக்கமாகச் சுற்றுகிற ஏழு இரவுக் கப்பல் தொடும் ஊர்கள் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, சிவிதாவெக்கியா, நேப்பிள்ஸ், பால்மா போன்றவை. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி என்று மூன்று நாடு. சில கப்பல்கள் மால்ட்டாவையும் தொட்டால் நான்கு. பல பயணங்களில் ஒரு நாள் முழுக்கக் கரையே தொடாமல் கடலில் கழியும். துறைமுகத்தையெல்லாம் நாடு என்று எண்ணினால்தான் ஏழு வரும். பிள்ளைக்கு உலகம் காட்டப் புறப்பட்டவர் முதலில் தான் விரல் விட்டு எண்ணப் பழகியிருக்கலாம்.

அடுத்து பூகோளம். ரோமாபுரியைத் தன் மகள் கண்டாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறார். கப்பல் ரோமுக்குப் போகாது. ரோமுக்கான துறைமுகம் சிவிதாவெக்கியா. அங்கிருந்து நகரம் 70 கிலோமீட்டருக்கு மேல். பிளாரன்ஸ் பார்க்க லிவோர்னோவில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காலையில் கரை சேர்கிற கப்பல் மாலையில் கிளம்பிவிடும். கிளம்புவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே எல்லோரும் ஏறியாக வேண்டும். தவறினால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான். தேனியில் காலை எட்டரைக்குப் புறப்பட்டு, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, மதுரைக்குப் போய், மீனாட்சியம்மன் கோயிலையும் மஹாலையும் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குள் தேனிக்குத் திரும்பி வா, வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிடுவோம் என்று ஒரு மூன்று வயதுப் பிள்ளையோடு நம்மை அனுப்பினால் எப்படியிருக்கும்? அதைத்தான் அவர் ஒரு வாரம் தினந்தோறும் செய்திருக்கிறார். அந்தப் பிள்ளை கண்டது ரோம் அல்ல. ரோமுக்குப் போகிற பேருந்தின் முன் இருக்கையின் முதுகை.

இந்தியாவுக்கும் இத்தாலிக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஊரில் ஆறு மணிக்கு எழுந்து பழகிய பிள்ளை அங்கே இரவு இரண்டரைக்கு முழித்துக்கொள்ளும். நாலு பேர் படுக்கிற சின்ன அறையில், நடு இரவில், தூக்கம் கலைந்த இரண்டு பிள்ளைகள். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. நம் பள்ளிகளுக்கு விடுமுறை சித்திரையிலும் வைகாசியிலும். அந்த மாதங்களில் அந்தக் கடலின் மேற்குப் பகுதித் தண்ணீர் பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழேதான் இருக்கும். கம்பத்து வெயிலில் வளர்ந்த பிள்ளை அதில் காலை வைத்ததும் வீறிட்டு அழும். சரி, கப்பலின் நீச்சல் குளம் இருக்கிறதே என்றால், டயப்பர் விடாத குழந்தைகளைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது என்பது பல கப்பல் நிறுவனங்களின் விதி. பிள்ளைக்காகவே போகிற பயணத்தில் டயப்பர் விடாத பிள்ளைக்குக் கடலும் இல்லை, குளமும் இல்லை.

இனி அந்தக் கட்டுரையின் உயிர்நாடிக்கு வருகிறேன். கப்பலில் குழந்தைகளுக்கென்று தனி மன்றம் இருக்கிறதாம். பெரும்பாலும் மூன்று வயது முடிந்து, கழிப்பறை பழகிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே விட்டுவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகத் தானும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டதை உருக்கமாக வர்ணித்திருக்கிறார். கட்டுரை முழுவதிலும் உண்மையான சந்தோஷத்தோடு எழுதப்பட்ட பத்தி அது ஒன்றுதான். அந்தப் பத்தியில் பிள்ளைகள் இல்லை!

இங்கேதான் முழு வாதமும் கழன்று விழுகிறது. பிள்ளைக்கு உலகம் காட்டப் போனவர், உலகம் கண்ணாடிக்கு வெளியே நகர்ந்துகொண்டிருக்கும்போது பிள்ளையை வண்ண மெத்தை போட்ட ஓர் அறைக்குள் விட்டிருக்கிறார். அதில் குற்றமில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்கு ஓய்வு வேண்டும். சமைக்காத ஒரு வாரம் வேண்டும். பாத்திரம் துலக்காத, துணி மடிக்காத ஒரு வாரம் வேண்டும். கப்பல் அதைத் தருகிறது, நன்றாகவே தருகிறது. ஆனால் அது பெற்றோரின் விடுமுறை. அதைப் பிள்ளையின் கல்வி என்று கணக்கெழுதியதுதான் மோசடி. தனக்கு வேண்டியதைப் பிள்ளை பெயரில் வாங்கிவிட்டு, வாங்காதவனைப் பிள்ளை மேல் அக்கறையில்லாதவன் என்று ஏசுவது என்ன நியாயம்?

சின்னப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்பது புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய விஷயமல்ல. நேற்றுச் சொன்ன கதையையே இன்றும் கேட்கும். ஒரு வார்த்தை மாறினால் திருத்தும். பார்த்த யானையையே பார்க்கப் போகலாம் என்று அடம் பிடிக்கும். பெரியவர்களுக்குத்தான் புதுசு புதுசாக வேண்டும். பிள்ளைக்கு வேண்டியது மறுபடியும், மறுபடியும். பெரியவர்கள் பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூன்று மூன்றரை வயதுக்கு முன்னால் போவதில்லை என்கிறது உளவியல். அதற்காக அதற்கு முந்தின வயதில் பிள்ளையை எங்கும் கூட்டிப்போவது வீண் என்று சொல்லமாட்டேன். நினைவில் நிற்காத வயதிலும் பழக்கம் நிற்கும். தண்ணீரைக் கண்டு பயப்படாமல் இருப்பது, மரத்தைப் பார்த்ததும் பெயர் கேட்பது, அறியாத மனிதரிடம் சிரிப்பது, இவையெல்லாம் திரும்பத் திரும்பப் போவதால் வருகிறவை. கப்பலோ திரும்பிப் பார்க்காத பயணம். காலையில் ஓர் ஊர், மாலையில் அது கிடையாது. அந்த வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருந்தாத பாடத்திட்டத்தை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் இளக்காரமாகச் சொன்ன வருடா வருடம் சுருளி என்பதுதான் பிள்ளையின் மொழியில் சரியான பாடம். போன வருடம் அருவியைக் கண்டு அழுத பிள்ளை இந்த வருடம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டும். அடுத்த வருடம் கையை உதறும். இது வளர்ச்சி. இது ஏழு துறைமுகத்தில் கிடைக்காது. ஒரே துறைக்கு ஏழு முறை போனால் கிடைக்கும்.

செலவைப் பற்றி அவர் சொன்னது அரை உண்மை. பெற்றோரோடு ஒரே அறையில் தங்கும் பிள்ளைகளுக்குக் கப்பல் கட்டணம் இல்லை என்று சில நிறுவனங்கள் சலுகை தருவது மெய். அப்போதும் துறைமுக வரி உண்டு. தினப்படி சேவைக் கட்டணம் தனி. கரையில் சுற்றிக் காட்டுவதற்குத் தனி. விமானத்தில் இரண்டு வயது முடிந்த பிள்ளைக்குத் தனி இருக்கை, தனிக் கட்டணம். ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் காகிதம் குறையாது. பிறப்புச் சான்றிதழ், தாய் தந்தை இருவரின் ஒப்புதல், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். நடுவில் கப்பல் ஷெங்கன் எல்லைக்கு வெளியே ஒரு துறைமுகத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், ஒருமுறை மட்டும் நுழைகிற விசா செல்லாது. இதெல்லாம் சின்னப் பிள்ளையோடு போகிறவருக்கு உண்மையில் உதவக்கூடிய தகவல்கள். ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. சூரியன் மறைந்த அழகை எழுத மட்டும் அவருக்கு இடம் போதவில்லை.

கடன் வாங்கியாவது போகலாம் என்கிற யோசனைக்கு ஒரே ஒரு பதில். ஏலக்காய் விலை ஏறுவதும் இறங்குவதும் போடி ஏலத்தில் தெரிகிற ஊர் இது. திராட்சைக்கு அறுப்பு நேரத்தில் மழை பெய்தால் பந்தலோடு நஷ்டம் என்பதும் தெரிந்த ஊர். இங்கே கடன் என்பது விதைக்கும் உரத்துக்கும் பிள்ளையின் கல்லூரிக்கும் வாங்குவது. மூன்று வயதுப் பிள்ளையின் அறிவு விரிய மாதத் தவணையில் கடல் காட்டு என்று இந்த ஊருக்கு யோசனை சொல்ல ஒரு தனி அறியாமை வேண்டும்.

பாதுகாப்பு என்று சொல்லித் தேக்கடியை இழுத்திருக்கிறார். இழுத்திருக்க வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று பெரியாறு ஏரியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். உடம்பில் உயிர்காப்புச் சட்டை இல்லை. கம்பத்திலிருந்து ஒரு மலைப்பாதை ஏறினால் வந்துவிடுகிற இடத்தில் நடந்த சாவு அது. இந்தப் பள்ளத்தாக்குக்கு அதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆனால் அதைக் காட்டி, பெரிய கப்பல் என்றால் பத்திரம் என்று முடிவு கட்டுகிறாரே, அவர் பயணம் போன அதே கடலில் 2012 ஜனவரி 13 அன்று என்ன நடந்தது? கோஸ்டா கான்கார்டியா. 4,200 பேருக்கு மேல் ஏறியிருந்த கப்பல். அவர் மகள் ரோம் பார்க்க இறங்கிய அதே சிவிதாவெக்கியாவிலிருந்து அன்று மாலை புறப்பட்டது. ஜீலியோ தீவுக்கு மிக அருகே கேப்டன் கப்பலைச் செலுத்தியதால் பாறை கிழித்துச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள்; அதில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. சிவிதாவெக்கியாவில் ஏறியவர்களுக்கு ஆபத்துக்காலப் பயிற்சியே அதுவரை தரப்படவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் தந்தால் போதும் என்று அப்போது விதி இருந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி தந்தாக வேண்டும் என்று 2015 முதல் சர்வதேச விதி மாறியது. அந்தக் கேப்டனுக்கு 16 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

தேக்கடியும் ஜீலியோவும் சொல்வது ஒன்றுதான். படகின் நீளம் யாரையும் காப்பாற்றாது. விதி காப்பாற்றும், விதியைக் கடைப்பிடிக்கிற ஆள் காப்பாற்றுவார். சின்னப் பிள்ளையோடு கப்பல் ஏறுகிறவர் முதல் வேலையாகச் செய்ய வேண்டியது, பிள்ளையின் எடைக்கேற்ற உயிர்காப்புச் சட்டை எங்கே என்று கேட்பது. 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமானால் கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பால்கனி அறை எடுத்தால் நாற்காலியைக் கம்பிக்குப் பக்கத்தில் போடாமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது வேலை. தேக்கடியில் ஏறினாலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேர் ஏறியிருக்கிறோம், சட்டையைக் கட்டிவிட்டோமா? இந்தக் கேள்விகளைக் கற்றுத்தராமல் ஒன்றைப் பழித்து இன்னொன்றைப் புகழ்வது எந்தப் பிள்ளையையும் காக்காது.

இனி, தேனியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. கம்பத்தில் பிறந்தவர் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மத்தியதரைக் கடலோரத்தில் ஈராயிரம் வருடச் சரித்திரத்தைக் கல்லில் கண்டாராம். ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். வயதில் ஈராயிரம் ஆண்டைத் தாண்டியவை. இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களிலேயே மிகப் பழையவையாகக் கருதப்படுபவை. அதில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர நடந்த சண்டையில் இறந்த ஒருவனுக்கு நட்டது. கம்பத்தை அடுத்து இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது. அந்த வழியாகத்தான் அவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் குமுளிக்குக் கார் ஓட்டுகிறார். ஊர்ப் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. சரித்திரம் வேண்டும் என்கிறவருக்குத் தன் மாவட்டத்தில் கிடைத்த கல்லைப் பற்றித் தெரியாமல் இருப்பதைச் சொல்கிறேன்.

ஓர் அணை என்று ஒற்றைச் சொல்லில் கடந்துவிட்டார். எந்த அணை? மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பிய வேலை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. பாதி கட்டியது வெள்ளத்தில் போய், மறுபடியும் கட்டியது. அவர் ஏளனம் செய்த தேக்கடி ஏரியே அந்த அணை தேக்கிய தண்ணீர்தான். ஒரு பிள்ளைக்கு அதை எப்படிக் காட்டலாம் தெரியுமா? முதலில் தேக்கடியில் அசையாத தண்ணீர். பிறகு குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது மலைச்சரிவில் படுத்திருக்கிற நான்கு ராட்சதக் குழாய்கள். அடியில் லோயர்கேம்ப் மின் நிலையம்; பக்கத்தில் அந்த அணையைக் கட்டிய பென்னிகுக்கின் மணிமண்டபம். அப்புறம் முல்லைப் பெரியாற்றின் வாய்க்கால். வாய்க்கால் முடிகிற இடத்தில் நாற்று. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. ஏரி, குழாய், விளக்கு, வயல், சோறு என்று ஒரே பகலில் ஒரு தண்ணீரைத் தொடர்ந்து போய்ப் பார்க்க முடிகிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்? ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். ஏன் இந்த ஊரில் பிள்ளைகளுக்கு பென்னிகுக் என்று பெயர் வைக்கிறார்கள் என்பதும் புரியும். சமையலறை எங்கே என்றே தெரியாத கப்பலில் மூன்று வேளையும் மேசைக்கு வந்து குவிகிற உணவில் எதுவும் புரியாது.

மத்தியதரைக் கடலோரத் திராட்சைத் தோட்டத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தலில் தொங்குகிற பன்னீர் திராட்சை என்ன ரகம்? மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். மத்தியதரைக் கடலோரத்துக் கொடி. அதன் வாரிசு இங்கே வேர் விட்டு, 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அங்கே வருடத்துக்கு ஓர் அறுவடை. இங்கே கவாத்து முறையை மாற்றி வருடத்தில் பல மாதம் பழம். அவர் விசா வாங்கிப் போய்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்த கொடியின் கீழே நம் பிள்ளை நடந்து போகலாம். தோட்டக்காரர் ஒரு கொத்தை வெட்டிக் கையில் கொடுப்பார்.

இன்னும் இருக்கிறது. மதுரைக்கும் போடிக்கும் இடையே மீட்டர் கேஜ் ரயில் 2010-ன் கடைசியில் நின்றுபோனது. அகலப்பாதையாகித் தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும் தான் திரும்ப ஓடியது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் ரயில் சத்தம் கேட்காத ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்தே வளர்ந்தார்கள். அவர்களுக்கு ஆண்டிபட்டிக் கணவாயில் மலைக்கு நடுவே ரயில் புகுந்து வருவது எந்தக் கப்பலுக்கும் குறைந்ததல்ல. கட்டாயம் கடல்தான் வேண்டும் என்றால் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு இருக்கிறது. நாடு விட்டு நாடு கடல் கடக்க வேண்டும் என்றால் 2023-ல் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. சில மணி நேரத்தில் கரை. இறங்கிய இடத்தில் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டால் தமிழிலேயே கேட்கலாம்.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நம் அருவிக்கரைகளிலும் அணைப் பூங்காக்களிலும் குழந்தைக்கு உடை மாற்ற ஒழுங்கான அறை இல்லை. கழிப்பறைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சோப்பு உறையும் ஷாம்பு உறையும் தண்ணீரோடு போகின்றன. தள்ளுவண்டியை உருட்ட இடமில்லை. வெள்ளம் வந்தாலோ யானை வந்தாலோ சுருளியை மூடுவார்கள். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்குத் தெரியும். உலகம் பார்த்து வந்தவர் இதை எழுதியிருக்கலாமே! அங்கே ஒரு சின்னத் துறைமுகத்தில்கூடக் குழந்தைக்கு இன்ன வசதி இருக்கிறது, நம் ஊரில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தால் அவர் பயணம் நமக்கும் பயன்பட்டிருக்கும். வசதி செய்து தரவேண்டியவர்களை விட்டுவிட்டு, வசதியில்லாத இடத்துக்கும் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போகிற தகப்பனைச் சோம்பேறி என்கிறார்.

கப்பல் பயணம் பிள்ளைக்கு உலகமே ஒரு குடும்பம் என்று கற்பிக்கிறதாம். கணியன் பூங்குன்றனையும் துணைக்கு அழைத்திருக்கிறார். அந்தக் கடலோர ஊர்கள் என்ன சொல்கின்றன? வெனிஸ் நகரத்து வாய்க்காலுக்குள் பெரிய கப்பல்கள் நுழையக் கூடாது என்று இத்தாலி அரசு 2021-ல் தடுத்துவிட்டது. பார்சிலோனா ஏழு கப்பல் முனையங்களை ஐந்தாகக் குறைக்க 2025-ல் முடிவெடுத்தது. கிரேக்கத் தீவான சாந்தோரினியில், கூட்டமான மாதங்களில் வந்து இறங்குகிற கப்பல் பயணி ஒவ்வொருவரிடமும் 20 யூரோ வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். காலையில் ஆயிரக்கணக்கில் இறங்கி, தெருவை அடைத்து, சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுகிற விருந்தாளியை அந்த ஊர்க்காரர்கள் குடும்பமாக எண்ணவில்லை, கூட்டமாக எண்ணுகிறார்கள். இதே கடலைத்தான் 2015-ல் சிரியாவிலிருந்து தப்பி வந்த குழந்தை ஆலன் குர்தியின் குடும்பம் ரப்பர் படகில் கடக்கப் பார்த்தது. துருக்கியின் போட்ரும் கரையில் ஒதுங்கிய அந்தச் சின்ன உடலை உலகமே பார்த்தது. இந்தக் கடலில் எந்தப் பிள்ளை எந்தக் கப்பலில் போகலாம் என்பதைக் கடவுச்சீட்டு தீர்மானிக்கிறது. பூங்குன்றனை அந்த மேல்தளத்து நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டாம்.

குடும்பம் என்ற பேச்சு வந்ததால் இன்னொன்று. அவர் பிள்ளைகளுக்கு ஒரு வாரமும் சிரித்தபடி சாப்பாடு பரிமாறிய இந்தியப் பணியாளரைப் பாராட்டி நாலு வரி எழுதியிருக்கிறார். அந்தப் பணியாளர்களின் ஒப்பந்தம் வழக்கமாக ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை நீளும். வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இடம் தருகிறது. அவர்களிலும் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் ஆறு வயதுக்குள்ளான காலத்தில் பாதியை அவர்கள் வீடியோ அழைப்பில் பார்க்கிறார்கள். அவர்களும் சோம்பேறிப் பெற்றோர்தானா? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிற பெண்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வருடத்தில் ஒருநாள் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய் ராட்டினத்தில் ஏற்றி, பஞ்சுமிட்டாய் வாங்கித் தருகிற அந்தத் தாய், பிள்ளையின் அறிவைக் குறுக்குகிறாளா? கட்டுரை எழுதுகிறபோது தன் தெருவில் குடியிருந்த முகம் ஒன்றுகூடவா அவர் நினைவுக்கு வரவில்லை?

கப்பலில் போகாதே என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. காசு இருக்கிறவர்கள், கடன் இல்லாமல் முடிகிறவர்கள் போகட்டும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்து, வரைபடத்தில் இத்தாலியைத் தானே காட்டுகிற வயதில் போனால் இன்னும் நல்லது. அப்போது ஏன், எதற்கு என்று கேட்கும். சின்ன வயதிலேயே போகத்தான் வேண்டும் என்றாலும் போகட்டும். ஏழு ஊர் வேண்டாம், ஒரே ஊரில் ஏழு நாள் இருக்கட்டும். அதே தெரு, அதே ரொட்டிக்கடை, அதே பூங்கா என்று நாலு நாள் போனால் பிள்ளை அந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு பந்தையாவது உதைக்கும்.

அவரிடம் கேட்பது இரண்டே. எங்களுக்கு ஓய்வு வேண்டியிருந்தது, போனோம், நன்றாக இருந்தது என்று எழுதுங்கள். நாங்களும் சந்தோஷமாகப் படித்துக்கொள்கிறோம். பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவர்கள் அந்த வாரம் ஒழுங்காகத் தூங்கியே இருக்க மாட்டார்கள். இரண்டாவது, சோம்பேறிப் பெற்றோர் என்ற அந்த இரண்டு வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அதை எந்த இதழில் எழுதினீர்களோ அதே இதழில், அதே அளவு எழுத்தில்.